புள்ளியும் கோடும்: சனதுப் படத்திலிருந்து அறிவு வலைப்படம் வரை

சேலம் மாவட்டத்துத் தம்மம்பட்டி மரச்சிற்பத்திற்குப் பெயர்பெற்ற ஊர். கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே அமைந்த இவ்வூரின் சிற்பக்கூடங்களைக் கடந்து செல்வோர் ஒன்றைக் கவனித்திருக்கலாம். சிற்பி உளியைக் கையில் எடுப்பதற்கு முன், பலகையின்மேல் கோடு வரைந்துகொள்கிறார். எது மேலெழ வேண்டும், எது உள்ளடங்க வேண்டும், எது செதுக்கி எறியப்பட வேண்டும் என்பதையெல்லாம் அந்தக் கோடே முடிவு செய்கிறது. கோடு பிழைத்தால், உளி எத்துணைக் கூர்மையாயினும் உருவம் பிழைத்துப் போகும்.

இவ்வூரில் நபிமொழிப் பாடம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு, அண்மையில் மாணவர் ஒருவர் தம் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கரிய திரையில் நூற்றுக்கணக்கான புள்ளிகள். அவற்றைப் பின்னிச் சிலந்திவலை போன்ற கோடுகள். ஒரு புள்ளியைத் தொட்டால் ஒரு பெயர் விரிகிறது. அப்பெயரிலிருந்து வேறு பத்துப் பெயர்களுக்குக் கோடுகள் ஓடுகின்றன. "உஸ்தாத்! இமாம்களெல்லாம் ஒருவரோடொருவர் எப்படி இணைந்திருக்கிறார்கள், பாருங்கள்" என்று மகிழ்ந்தார் அவர். பார்த்தேன்; அழகாகவே இருந்தது. "இந்தக் கோட்டை வரைந்தவர் யார்? எந்தக் கிதாபைப் பார்த்து வரைந்தார்?" என்று கேட்டேன். அவர் அக்கோட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். படத்தில் அதற்கு விடை இல்லை.

அந்த வினாவின் வரலாற்றைத்தான் இக்கட்டுரையில் சொல்ல முயல்கிறேன்.

அறிவு வலைப்படம் என்பது யாது?

உலகில் உள்ள செய்திகளைப் பக்கம் பக்கமாக எழுதி வைப்பது ஒரு முறை. ஒவ்வொரு செய்தியையும் இரண்டு புள்ளிகளும் அவற்றை இணைக்கும் ஒரு கோடுமாகப் பிரித்து வைப்பது மற்றொரு முறை. 'இமாம் ஷாஃபிஈ' ஒரு புள்ளி. 'இமாம் மாலிக்' ஒரு புள்ளி. 'ஆசிரியர்' என்பது அவ்விரண்டையும் இணைக்கும் கோடு. இவ்வாறு கோடிக்கணக்கான செய்திகளைச் சேர்த்தால் பெரியதொரு வலை உண்டாகிறது. அதனையே இக்காலக் கணினியறிஞர் அறிவு வலைப்படம் என்கின்றனர். கூகுள் நிறுவனம் 2012ஆம் ஆண்டு மே மாதத்தில் இப்பெயரில் தன் வலையை வெளியிட்டபோது, அதில் 50 கோடி பொருள்களும் அவற்றைப் பற்றிய 350 கோடிச் செய்திகளும் இருப்பதாக அறிவித்தது. அதே ஆண்டு அக்டோபரில் விக்கித்தரவு என்னும் பொதுவலை தொடங்கப்பெற்றது. அதில் யாரும் எழுதலாம், யாரும் எடுத்தாளலாம்.

பொருள்களின் ஏனைய தன்மைகளை ஒதுக்கிவிட்டு இணைப்பை மட்டும் எண்ணிப் பார்க்கும் கணிதத்திற்கு வித்திட்டவர் ஆய்லர் என்னும் அறிஞர். கோனிக்ஸ்பெர்க் நகரத்து ஏழு பாலங்களையும் ஒவ்வொன்றை ஒரேமுறை மட்டுமே கடந்து சுற்றிவர முடியுமா என்னும் கேள்வியை அவர் 1736இல் ஆராய்ந்தார். தெருவையும் வீட்டையும் தூரத்தையும் விலக்கி, நிலப்பகுதிகளையும் அவற்றை இணைக்கும் பாலங்களையும் மட்டுமே கணக்கில் கொண்டு, 'முடியாது' என்று நிறுவினார். மேனாட்டார் இவ்வரலாற்றை இங்கிருந்தே தொடங்குவர். ஆனால் மனிதர்களைப் புள்ளிகளாகவும், அவர்களிடையே நிகழ்ந்த கல்விப் பரிமாற்றத்தைக் கோடுகளாகவும் கொண்டு, ஒவ்வொரு கோட்டையும் சோதித்துப் பார்த்த ஒரு கலை அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே முழுவளர்ச்சி பெற்றிருந்தது. அதுவே நம் மத்ரஸாக்களில் ஓதப்பட்டுவரும் சனதுக் கலை.

ஒரு நபிமொழியின் மரம்

ஸஹீஹுல் புகாரியின் முதல் நபிமொழி நிய்யத்தைப் பற்றியது. அதனை அறியாத முஸ்லிம் இல்லமே இராது. அதன் சனதைக் கரும்பலகையில் வரைந்து பார்ப்போம். அடியில் பெருமானார் (ஸல்) அவர்கள். அவர்களிடமிருந்து உமர் இப்னுல் கத்தாப் (ரலி). அவர்களிடமிருந்து அல்கமா இப்னு வக்காஸ். அவரிடமிருந்து முஹம்மது இப்னு இப்ராஹீம் அத்தைமீ. அவரிடமிருந்து யஹ்யா இப்னு ஸயீது அல்அன்ஸாரீ. இதுவரை ஒரே கோடு; பனைமரம் போன்ற நெடிய ஒற்றைத் தண்டு. யஹ்யாவிற்குப் பிறகு அத்தண்டு ஆலமரமாக விரிகிறது. இமாம் மாலிக், ஹம்மாது இப்னு ஸைது, அப்துல் வஹ்ஹாபு எனக் கிளைகள் பெருகுகின்றன. இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் மட்டுமே தம் நூலில் இதனை ஏழு இடங்களில், வெவ்வேறு கிளைகளின் வழியே பதிவு செய்துள்ளார்கள்.

ஏழு இடங்களையும் தனித்தனியே படிப்பவர், பலர் பல வழிகளில் அறிவித்த செய்தி இது என்றே எண்ணுவார். மரமாக வரைந்து பார்ப்பவருக்குத்தான் அக்கிளைகள் அனைத்தும் யஹ்யா என்னும் ஒரே கணுவில் கூடுவது கண்ணுக்குப் புலனாகும். அவருக்கு முன்னர் ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருவரே நிற்கிறார் என்பதும், அந்த ஒவ்வொருவரின் நம்பகமே முழு மரத்தையும் தாங்குகிறது என்பதும் அப்போதுதான் விளங்கும். எல்லாக் கிளைகளும் கூடும் அக்கணுவை 'மதார்' என்று நம் கலைஞர்கள் பெயரிட்டழைத்தனர். சொற்களின் வரிசையில் மறைந்து கிடப்பதைப் படம் வெளிக்கொணர்கிறது. அறிவைப் படமாக்குவதன் முதற்பயன் இதுவே.

படமாகக் காட்டும் வழக்கம் அரபுக் கலைகளுக்குப் புதியதன்று. யாப்பிலக்கணம் கண்ட கலீல் இப்னு அஹ்மது, ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டிலேயே அரபுப் பாவகைகளை ஐந்து வட்டங்களில் அடக்கினார். ஒரே வட்டத்தில் தொடங்கும் இடத்தை மாற்றினால் வேறொரு பாவகை கிடைக்கும். நஸபு நூலாரோ வமிச வரலாற்றை இரு முறைகளில் எழுதினர். உரையாக விரித்தெழுதுவது 'மப்ஸூத்'. மரமாக வரைவது 'முஷஜ்ஜர்'. தரீக்காக்களின் ஷஜராவை வீட்டில் போற்றி வைத்திருக்கும் குடும்பங்கள், தாம் அறியாமலேயே இவ்வகைப் படம் ஒன்றைத் தம்மிடம் வைத்திருக்கின்றன.

டமாஸ்கஸ் நகரத்து மாபெரும் வலை

ஒரு நபிமொழிக்கு ஒரு மரம் வரைவது எளிது. ஆயிரமாயிரம் நபிமொழிகளுக்கு, ஆயிரமாயிரம் அறிவிப்பாளர்களுக்கு எவ்வாறு வரைவது? அத்தனை கோடுகளையும் ஒரே தாளில் இட்டால் படம் தெரியாது, மைக்கறைதான் தெரியும். இன்றைய கணினித் திரையிலும் இதே இடர் உண்டு. புள்ளிகள் சில நூறுகளைத் தாண்டியதும் வலை சிக்குண்ட நூற்கண்டாகி விடுகிறது.

டமாஸ்கஸில் வாழ்ந்து ஹிஜ்ரி 742இல் (கி.பி. 1341) மறைந்த இமாம் மிஸ்ஸீ (ரஹ்) அவர்கள் இவ்விடரைப் படம் வரையாமலேயே வென்றார்கள். அவர்களுடைய 'தஹ்தீபுல் கமால்' இன்று அச்சில் 35 தொகுதிகளாக உள்ளது. ஆறு ஸஹீஹான கிதாபுகளில் வரும் அறிவிப்பாளர் ஒவ்வொருவருக்கும் அதில் தனியிடம் உண்டு. அவர் யார் யாரிடம் கேட்டார் என்று அகரவரிசையில் ஒரு பட்டியல். அவரிடம் யார் யார் கேட்டனர் என்று அகரவரிசையில் மற்றொரு பட்டியல். ஆசிரியர் பட்டியலில் காணும் பெயரைத் தேடிச் சென்றால், அங்கே மாணவர் பட்டியலில் இவர் பெயர் நிற்கும். ஒரு புள்ளியில் நின்று அதனைத் தொட்டோடும் கோடுகள் அனைத்தையும் காணும் வசதி இது. கணினியறிஞர் தம் வலைகளைப் பொறிக்குள் சேமித்து வைக்கும் முறைகளுள் ஒன்றும் இதுவேயாகும்.

அவர்களுடைய மற்றொரு நூல் 'துஹ்ஃபத்துல் அஷ்ராஃப்'. ஹிஜ்ரி 696இல் தொடங்கி 722இல் நிறைவுற்ற இருபத்தாறு ஆண்டு உழைப்பு அது. அதில் நபிமொழிகள் பொருள்வாரியாக அல்லாமல் சனதுவாரியாக அடுக்கப்பட்டுள்ளன. முதலில் நபித்தோழர்கள் அகரவரிசையில். அபூஹுரைரா (ரலி) போன்று மிகுதியாக அறிவித்தவராயின், அவர்களிடம் கேட்ட தாபியீன்கள் அகரவரிசையில். அவர்களுள் ஒருவரும் மிகுதியாக அறிவித்தவராயின், அவரிடம் கேட்டவர்கள் அகரவரிசையில். இவ்வாறு கிளைக்குள் கிளையாக இறங்கிச் சென்றால் நபிமொழி கிடைக்கும். அதன் முன்னே ஓரெழுத்துக் குறியீடுகள்: 'கே' எனில் புகாரீ, 'மீம்' எனில் முஸ்லிம், 'தால்' எனில் அபூதாவூது, 'ஐன்' எனில் ஆறு நூல்களும். நிய்யத்து நபிமொழியைத் தேடுவோர், உமர் (ரலி) அவர்களின் பெயரின்கீழ் அல்கமாவிடம் சென்றால், அதன் கிளைகள் அனைத்தையும் ஒரே இடத்தில் காண்பர். பத்தொன்பதாயிரத்திற்கும் மேற்பட்ட பதிவுகள் கொண்ட இந்நூல் பம்பாய்க்கு அருகிலுள்ள பிவண்டியில், அப்துஸ் ஸமது ஷரஃபுத்தீன் அவர்களின் பதிப்பில் அச்சேறியது நம் நாட்டிற்குப் பெருமை.

முழுமையும் நுணுக்கமும்

மிஸ்ஸீ அவர்களின் 35 தொகுதிகளும் எல்லோருக்கும் எப்போதும் வேண்டியன அல்ல. ஹிஜ்ரி 852இல் (கி.பி. 1449) மறைந்த இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் அதனைச் சுருக்கியும் கூட்டியும் 'தஹ்தீபுத் தஹ்தீபை' எழுதினார்கள், பின்னர் அதனையும் சுருக்கி 'தக்ரீபுத் தஹ்தீபை' எழுதினார்கள். தக்ரீபில் 8,800க்கும் மேற்பட்ட அறிவிப்பாளர்கள் உள்ளனர்; பெரும்பாலோர்க்கு ஓரிரு வரிகளே. அவ்வரிக்குள் பெயர், ஊர், நம்பகத் தரம், தலைமுறை ஆகியவை அடங்கிவிடும். தரங்கள் பன்னிரண்டு, தலைமுறைகளும் பன்னிரண்டு. ஓதும் மாணவர் முதலில் தக்ரீபைப் பார்க்கிறார். ஐயம் எழுந்தால் தஹ்தீபுத் தஹ்தீபுக்குச் செல்கிறார். இன்னும் ஆழம் வேண்டுமெனில் மிஸ்ஸீயின் நூலுக்குள் இறங்குகிறார்.

பென் ஷ்னைடர்மன் என்னும் அமெரிக்கக் கணினிப் பேராசிரியர், திரையில் தகவலைக் காட்டுவோர்க்கு 1996இல் ஒரு நெறி வகுத்தார். முதலில் முழுத்தோற்றத்தைக் காட்டுக. அடுத்து, வேண்டியதை நெருங்கிப் பார்க்கவும் வேண்டாததை விலக்கவும் வழி செய்க. விவரத்தைப் பார்ப்பவர் கேட்கும்போது கொடுக்க என்பது அதன் சாரம். காட்சி இடைமுகம் அமைப்போர், அதாவது மனிதனுக்கும் பொறிக்கும் இடையே நிற்கும் முகத்தை அமைப்போர், இன்றளவும் இந்நெறியைப் போற்றுகின்றனர். தக்ரீபும் இரு தஹ்தீபுகளும் அருகருகே நிற்கும் நூலடுக்கு, அந்நெறிக்குத் தாளில் எழுந்த முன்னுதாரணமன்றோ!

வேண்டாததை விலக்கும் வழியைப் பேசும்போது நம் தமிழ்நாட்டு அறிஞர் ஒருவரை மறக்கலாகாது. 1892இல் சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரான சீ. இரா. அரங்கநாதன் அவர்களே அவர். அதற்கு முன்னிருந்த நூற்பகுப்பு முறைகள், ஒவ்வொரு நூலையும் ஒரு மரத்தின் ஒரே கிளையில் உட்கார வைத்தன. கைத்தறி நெசவைப் பற்றிய வரலாற்று நூலைத் தொழிலில் வைப்பதா, வரலாற்றில் வைப்பதா? லண்டன் கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுப் பொருளைக் கண்டு, சில துண்டுகளையே மாற்றி மாற்றிப் பூட்டிப் பல உருவங்கள் செய்யலாம் என்பதில் அவர் விடையைக் கண்டார். 1933இல் அவருடைய கோலன் பகுப்பு முறை வெளிவந்தது. ஒரு பொருளை அதன் தனித்தன்மை, பருப்பொருள், செயல், இடம், காலம் என்னும் ஐந்து முகங்களாகப் பிரித்து நோக்கும் கோட்பாட்டைப் பின்னர் அவர் நிறுவினார். இன்று நூலகத் திரையிலோ கடைத் திரையிலோ 'இந்த ஊர், இந்தக் காலம், இந்த ஆசிரியர்' என்று ஒரு பக்கத்தில் தெரிவு செய்து மற்றவற்றை விலக்குகிறோமே, அதன் பின்னே நிற்பது சீர்காழிக்காரரின் சிந்தனை.

புள்ளியைப் பிழையாக அறிதல்

இதுவரை கூறியது படத்தின் அமைப்பு. இனிக் கூறப்போவது அதன் உயிர். ஒரு வலைப்படம் இரண்டு இடங்களில் பொய்யாகலாம்: புள்ளியில் ஒன்று, கோட்டில் ஒன்று.

மீண்டும் நிய்யத்து நபிமொழிக்கே வருவோம். புகாரீயின் முதற்பக்கத்தில் ஹுமைதீ என்பவர் 'ஸுஃப்யான்' வழியாக, அவர் யஹ்யா இப்னு ஸயீது வழியாக அறிவிக்கிறார். அதே நூலின் மற்றோரிடத்தில் முஹம்மது இப்னு கஸீர் என்பவர் 'ஸுஃப்யான்' வழியாக, அவரும் அதே யஹ்யா வழியாக அறிவிக்கிறார். பெயர் ஒன்று, ஆசிரியர் ஒருவர், நபிமொழியும் ஒன்று. எந்தப் பொறியும் இரு ஸுஃப்யான்களையும் ஒரே புள்ளியாக்கிவிடும். உண்மையில் அவர்கள் இருவர். ஹுமைதீ மக்காவில் பாடம் கேட்டது ஹிஜ்ரி 198இல் மறைந்த ஸுஃப்யான் இப்னு உயைனாவிடம். முஹம்மது இப்னு கஸீர் கேட்டது ஹிஜ்ரி 161இல் மறைந்த கூஃபா நகரத்து ஸுஃப்யான் அஸ்ஸவ்ரீயிடம். பெயரால் பிரிக்க முடியாதவர்களை மாணவர்களால் பிரித்தறிகிறோம். ஒரு புள்ளி இன்னதென்று அதனைச் சூழ்ந்த புள்ளிகளே சாட்சி சொல்கின்றன.

இதற்கு மறுதலையான பிழையும் உண்டு. ஒருவரே ஓரிடத்தில் இயற்பெயராலும், ஓரிடத்தில் தந்தையின் பெயராலும், ஓரிடத்தில் 'அபூ' என்னும் குன்யத்தாலும் குறிக்கப்படுவார்; அறியாதவர் அவரை மூவராக எண்ணுவார். ஹிஜ்ரி 463இல் (கி.பி. 1071) மறைந்த கத்தீபுல் பக்தாதீ (ரஹ்) அவர்கள் இவ்விரு பிழைகளுக்கும் நூல்கள் எழுதினார்கள். பெயர் ஒன்றாகி ஆள் வேறானவர்களுக்கு 'அல்முத்தஃபிக் வல்முஃப்தரிக்'. இருவரை ஒருவராகச் சேர்த்தும் ஒருவரை இருவராகப் பிரித்தும் முன்னோர் செய்த பிழைகளுக்கு 'மூளிஹு அவ்ஹாமில் ஜம்இ வத்தஃப்ரீக்'. இதன் தொடக்கத்தில் இமாம் புகாரீ அவர்களின் 'தாரீக்' நூலில் தாம் கண்ட பிழைகளையே எடுத்து ஆராய்கிறார்கள். பெரியோர் மீதுள்ள மதிப்பு, பிழையைத் திருத்துவதற்குத் தடையாகவில்லை. இந்நூலை அச்சிட்டுக் காத்தது 1888இல் ஹைதராபாத்தில் நிறுவப்பெற்ற தாயிரத்துல் மஆரிஃப். சேர்த்தலும் பிரித்தலும் இன்றும் அறிவு வலைப்படம் அமைப்போரின் பெருந்தலைவலியாகவே இருக்கின்றன. 'இவர் வேறு, அவர் வேறு' என்று குறிப்பதற்கென்றே விக்கித்தரவில் தனியிடம் ஒதுக்க வேண்டியிருந்தது என்பதிலிருந்து இதனை உணரலாம்.

கோட்டின் தன்மை

அடுத்தது கோடு. சனதில் இருவருக்கு இடையே வரும் சொற்கள் ஒரே மாதிரியானவை அல்ல. 'ஹத்தஸனா' என்றால் அவர் வாயால் சொல்ல நாங்கள் கேட்டோம் என்பது பொருள். 'அன்' என்றால் அவரைத் தொட்டு என்பது மட்டுமே; நேரில் கேட்டாரா, இடையில் ஒருவர் விடுபட்டாரா என்பது அச்சொல்லில் இல்லை. இடையிலுள்ளவரை மறைத்துச் சொல்லும் பழக்கமுடைய அறிவிப்பாளர் 'அன்' என்று சொன்னால், வேறு சான்று கிடைக்கும்வரை அறிஞர்கள் ஏற்பதில்லை. ஒரே அளவுக் கனத்தில், ஒரே நிறத்தில் எல்லாக் கோடுகளையும் வரைந்துவிடும் படம் இவ்வேறுபாட்டை அழித்துவிடுகிறது. 'கேட்டோம்' என்பதும் 'கேட்டிருக்கலாம்' என்பதும் அப்படத்தில் ஒன்றாகி விடுகின்றன.

நஸபு நூலார் இதில் இன்னும் கண்டிப்பானவர்கள். மரம் வரையும்போது ஒரு கிளை இன்னும் உறுதியாகவில்லை எனில், அதனை வெட்டி எறியவும் மாட்டார்கள். உறுதியானதுபோல் வரையவும் மாட்டார்கள். 'ஃபீ ஸஹ்' என்னும் குறிப்பை அதற்கு இடுவார்கள். ஆராய்ச்சியில் உள்ளது என்பது அதன் கருத்து. ஐயத்தையும் ஒரு செய்தியாக மதித்துப் படத்தில் ஏற்றிய பண்பு அது.

இக்காலத்திலும் நற்சான்று ஒன்று உண்டு. இங்கிலாந்து லீட்ஸ் பல்கலைக்கழகத்தில் கைஸ் டியூக்ஸ் என்னும் ஆய்வாளர் 2009ஆம் ஆண்டு முதல் உருவாக்கிய 'குர்ஆன் அரபுத் தொகுப்பு' அது. திருக்குர்ஆனின் 77,430 சொற்களுக்கும் இலக்கணக் குறிப்பு இட்டு, சொல்லைத் தொட்டால் பகுப்பு விரியுமாறு அமைத்தார்கள். நாம் வாயால் ஓதிப் பழகிய இஃராபை, சொல்லிலிருந்து சொல்லுக்கு வளைந்தோடும் கோடுகளாகத் திரையில் வரைந்தார்கள். திருமறையில் வரும் கருத்துகளுள் ஏறத்தாழ 300ஐயும், அவற்றிடையேயான 350 தொடர்புகளையும் ஒரு வலைப்படமாகக் காட்டினார்கள். இவற்றினும் சிறந்தது ஒன்றுண்டு. குறிப்புகளைப் படிப்போர் பிழை கண்டால் அதை எழுதவும், அதன்மீது கலந்தாராயவும், மரபான இஃராபு நூல்களோடு ஒப்பிட்டுத் திருத்தவும் அதில் வழி வைத்தார்கள். வரைந்த கோட்டை வினவுவதற்கு வாயில் திறந்து வைத்த படம் அது.

நம் வீட்டுப் புள்ளிகள்

இவையெல்லாம் அரபு நாட்டுச் செய்தி, அயல்நாட்டுச் செய்தி என்று வாசகர்கள் எண்ணிவிடலாகாது. நம் கடற்கரை ஊர்களுக்கு வருவோம்.

பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த பேரறிஞர் ஸதகத்துல்லாஹ் அப்பா அவர்களின் பெயர் அரபு நூல்களில் 'அல்காஹிரீ' என்று முடிகிறது. காயல்பட்டினத்திற்கு நம் ஆலிம்கள் அரபியில் வழங்கிய பெயர் காஹிர். ஆகவே காயலைச் சேர்ந்தவர் காஹிரீ. எகிப்தின் தலைநகரமும் அரபியில் காஹிராவே, அந்நகரத்தவரும் காஹிரீயே. பெயரை மட்டும் பார்த்துக் கோடு வரையும் பொறி, தமிழகத்துக் கரையில் வாழ்ந்த ஞானியை நீல நதிக்கரையில் கொண்டுபோய் நிறுத்தாது என்பதற்கு உறுதி என்ன?

1816 முதல் 1898 வரை வாழ்ந்த மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்களை எடுத்துக்கொள்வோம். காயல்பட்டினத்தில் பிறந்து, கீழக்கரையில் தம் ஆசிரியரின் மருமகனானதால் மக்கள் அவர்களை 'மாப்பிள்ளை' என்று அன்போடு அழைத்தனர். அரபியில் மணமகனுக்கு 'அரூஸ்' என்று பெயர். ஆகவே அரபு வழக்கில் அவர்கள் 'இமாமுல் அரூஸ்'. இயற்பெயரோ செய்யிது முஹம்மது. அரபுத் தமிழில் அவர்கள் எழுதிய 'ஃபத்ஹுத் தய்யான்' நூலை ஒருவர் செய்யிது முஹம்மது என்னும் புள்ளியில் சேர்ப்பார். மற்றொருவர் அவர்களின் பாடல்களை மாப்பிள்ளை லெப்பை என்னும் புள்ளியில் சேர்ப்பார். மூன்றாமவர் அவர்களின் தரீக்காத் தொண்டினை இமாமுல் அரூஸ் என்னும் புள்ளியில் சேர்ப்பார். ஒரு மாமலை மூன்று மணற்குன்றுகளாகிவிடும். 'அரூஸ்' என்பதும் 'மாப்பிள்ளை' என்பதும் ஒன்றே என்று அறிந்தவன் தமிழும் அரபியும் தெரிந்த நம்மவனேயன்றி, பொறியன்று.

மறுதலைக்கும் சான்றுண்டு. ஷாஃபிஈ மத்ரஸாக்களில் ஓதப்படும் 'ஃபத்ஹுல் முயீன்' நூலின் ஆசிரியர் பொன்னானியைச் சேர்ந்த ஸைனுத்தீன் மக்தூம். 'ஹிதாயத்துல் அத்கியா' என்னும் ஞானப் பாடலின் ஆசிரியரும் பொன்னானி ஸைனுத்தீன் மக்தூம். இருவரும் ஒருவரல்லர். பின்னது பாட்டனார் இயற்றியது. முன்னது பேரர் இயற்றியது. போர்ச்சுகீசியரை எதிர்த்த மலபார் மக்களின் வரலாறாகிய 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' பேரருடையது. இவர்களின் குடும்பப் பெயரோடு ஒட்டிய 'மஅபரீ' என்னும் சொல், அவர்தம் முன்னோர் மஅபர் எனப்பட்ட நம் சோழமண்டலக் கரையிலிருந்து சென்றவர்கள் என்பதைச் சொல்கிறது. பாட்டனையும் பேரனையும் ஒன்றாக்கினால் இரு தலைமுறை உழைப்பு ஒன்றாகிவிடும். 'மஅபரீ' என்னும் ஒரு சொல்லை விட்டுவிட்டாலோ, தமிழகத்திலிருந்து கேரளத்திற்கு ஓடும் ஒரு கோடே அற்றுப்போகும்.

யார் வரைவது?

இன்றைய பிள்ளைகள் நூலகத்திற்குச் செல்வதற்கு முன் கைபேசியைக் கேட்கிறார்கள். கைபேசி அந்த வலையைப் பார்த்துச் சொல்கிறது. வலையில் இல்லாதது உலகிலேயே இல்லாததாகிவிடுகிறது. வலையில் பிழையாக இருப்பது உண்மையாகிவிடுகிறது. விக்கித்தரவில் ஒவ்வொரு செய்தியோடும் அதன் ஆதாரத்தை எழுத இடமுண்டு. அவ்விடத்தை நிரப்புவது எழுதுவோர் பொறுப்பு; நிரப்பியதைப் பார்ப்பவர் கண்ணில் படுமாறு செய்வது படம் அமைப்போர் பொறுப்பு. கோட்டைத் தொட்டால் அதன் சனது விரிய வேண்டும். உறுதியற்ற கோடு உறுதியற்றதாகவே தோன்ற வேண்டும். இவ்விரண்டையும் கேட்டுப் பெறும் உரிமை நமக்குண்டு. அத்தோடு கடமையும் உண்டு.

கணினி கற்ற நம் இளைஞர்கள் இன்று ஊர்தோறும் இருக்கிறார்கள். அவர்கள் படம் வரைய வல்லவர்கள். ஆனால் காஹிர் எது, கீழக்கரையைக் குறிக்கும் கிர்கர் எது, அரூஸ் யார் என்பதை அவர்கள் அறியார். அறிந்த முதியவர்கள் கணினியை அறியார். இவ்விருவரும் ஒரு திண்ணையில் அமர்ந்தால் போதும். வீட்டுப் பரணில் கிடக்கும் இஜாஸத்து ஏட்டில் ஆசிரியர் பெயர்கள் வரிசையாக இருக்கும். பழைய அரபுத் தமிழ் நூலின் முகப்பில் எழுதியவர் பெயரும், அச்சிட்டவர் பெயரும், ஊரும் இருக்கும். பள்ளிவாசலின் நிக்காஹ் பதிவேட்டில் மூன்று தலைமுறைப் பெயர்கள் இருக்கும். ஒவ்வொன்றையும் எடுத்து, பார்த்த இடத்தைக் குறித்து, ஐயமுள்ளதை ஐயமென்றே எழுதி வைத்தால், அவை நாளைய வலைப்படத்தின் புள்ளிகளாகும். எழுதாமல் விட்டால், பெரியவர் ஒருவர் மறையுந்தோறும் அவர் நினைவில் இருந்த கோடுகளும் அவரோடு மண்ணுக்குள் போய்விடும்.

எனக்குப் படம் காட்டிய மாணவர் மறுவாரம் ஒரு தாளோடு வந்தார். யஹ்யா இப்னு ஸயீதிடமிருந்து இரு கோடுகள் பிரிந்து, இரு ஸுஃப்யான்களிடம் தனித்தனியே சென்றன. ஒவ்வொரு கோட்டின் மேலும் கிதாபின் பெயரும் பாடத்தின் பெயரும் சிறிய எழுத்தில் இருந்தன. ஒரு கோட்டைப் புள்ளிபுள்ளியாக வரைந்திருந்தார். "ஏன்?" என்றேன். "இன்னும் பார்த்து உறுதி செய்யவில்லை, உஸ்தாத்" என்றார்.

அந்தத் தாளைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன்.